இடது காலுக்கு இடமில்லாத எந்திரம்

நேற்றுக் காலை என் வீட்டுச் சமையலறையில் ஒரு மேசையின் கால்களை அறுத்தார்கள். அறுக்கச் சொன்னவன் நான். அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது உனக்குத் தெரியும்.

சென்ற ஆண்டிலிருந்து நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். மேசை என் மார்புக்கு மேலே நிற்கும். ஒரு கோப்பை தேநீரை எடுக்கவும் வைக்கவும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. நாற்காலிக்கு அடியில் பலகை கொடுத்து என்னை உயர்த்திவிடலாம் என்பது மகனின் யோசனை. ஆயர் குரோவிலிருந்து வந்த தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "அங்கிள், வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது. நல்லா யோசிச்சிக்கோங்க," என்றார். யோசிப்பதைத் தவிர வேறெதையும் வாழ்நாளில் உருப்படியாகச் செய்யாதவனிடம் அவர் அப்படிச் சொன்னார். நான் யோசிக்கவில்லை. "வெட்டுங்க," என்றேன்.

மேசை பலா மரத்தில் செய்தது. ரம்பம் உள்ளே இறங்கியதும் மஞ்சள் தூள் பறந்தது. இத்தனை வருடம் உலர்ந்த பிறகும் அந்த மரத்துக்குள் ஒரு புளித்த இனிப்பு வாசனை மிச்சம் இருந்தது. அதன் பிறகு என்னால் தச்சரோடு பேச முடியவில்லை. உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பல தலைமுறைக்கு முன் வந்த தமிழர்களின் குடியிருப்பான கம்போங் செட்டியில் பிறந்த உன் வீட்டில் எல்லோரும் உங்கள் மலாயில்தான் பேசுவீர்கள். சாமி பெயர்களும் சில உறவுப் பெயர்களும் மட்டும் தமிழில் வரும். நான் தமிழ் பேசினால், "இவன் ரேடியோ மாதிரி பேசறான்," என்று சிரிப்பாய். இருந்தும் இதைத் தமிழில் எழுதுகிறேன். எனக்குக் கொஞ்சமாவது துணிவு வருவது இந்த மொழியில்தான். நீ சொன்னவற்றையும் தமிழாக்கியே எழுதுகிறேன். மாற்ற மனம் வராத சில சொற்கள் மட்டும் உன் வாயில் இருந்தபடியே இருக்கட்டும்.

என்னை நீ பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. சிக்கு என்பாய். உங்கள் மொழியில் ஆசிரியர். எங்கள் மொழியில் சிக்கு என்றால் தலைமுடியில் விழும் முடிச்சு என்று ஒருநாள் உளறிவிட்டேன். "அப்போ ரெண்டு மொழியிலயும் பொருத்தமாத்தான் கூப்பிடறேன்," என்றாய்.

ஜப்பான்காரன் காலம். நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் ஜப்பானியப் பாட்டுப் பாடத் தொடங்கியிருந்தார்கள். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நான் மெல்ல நழுவிக்கொண்டவன். காஜா பெராங்கில் உன் வீட்டுக்குப் பின்சந்தில் ஓர் அறையில் இருந்தேன். உன் கொட்டகையில் நின்ற கடைசல் எந்திரத்தின் சத்தம்தான் எனக்குக் கடிகாரம். மெர்பாவ் மரத்தில் உயரமான நான்கு கால்கள், மேலே கனத்த சட்டம், அடியில் உன் இடுப்பளவு இரும்புச் சக்கரம். ஒரு காலில் நின்று மறு காலால் மிதிப்பாய். சக்கரம் வாரை இழுக்கும், மரம் சுழலும், உளியின் முனையிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் உதிரும். கட்டில் கால், தொட்டில் கம்பி, பம்பரம் என்று எது கேட்டாலும் அதில் கடைந்து கொடுத்தாய்.

பிறகு உஜோங் பாசிர் கரையில் மரம் இறக்கும் வேலைக்கு உன்னையும் பிடித்துக்கொண்டு போனார்கள். உருண்ட கட்டை உன் இடது காலின் மேல் ஏறி நின்றது. மருத்துவமனையில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

நீ வீடு திரும்பிய வாரம் யார் வந்தாலும் உன்னிடம் ஒன்றையே சொன்னார்கள். "டுடோக் டியாம்-டியாம் லா." பேசாமல் உட்கார்ந்திரு என்று பொருள். உன் மனைவியின் அண்ணன்மார் சொன்னார்கள், கோயிலுக்கு வந்தவர்கள் சொன்னார்கள், காய்ச்சிய கிழங்குக் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்த அடுத்த வீட்டுக்காரி சொன்னாள். அன்பாகத்தான் சொன்னார்கள். நான்கைந்து நாள் கேட்டுக்கொண்டிருந்தாய். ஆறாம் நாள் யாரோ சொன்னபோது கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாய்.

"டுடோக், போலே. டியாம், தா போலே."

உட்காருகிறேன், அது முடியும். பேசாமல் இருப்பது முடியாது. வந்தவர் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் எழுந்து போனார். நீ என்னைப் பார்த்தாய். "சிக்கு, உனக்குத்தான் அளவெடுக்கத் தெரியுமே. அந்த மெஷின்ல நான் உக்காந்து வேலை செய்யணும். அதுக்கு என்ன செய்யணும், சொல்லு."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஊரில் சும்மா கிடக்கும் இரும்பு எந்திரங்களை எல்லாம் படைக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்ற அறிவிப்பு தெருவுக்குத் தெரு சொல்லப்பட்டிருந்தது. ஓடுகிற எந்திரம், அதை ஓட்டுகிற ஆள் இரண்டையும் நேரில் பார்த்தால் விட்டுவைப்பார்களாம். கடைத்தெருவில் இரண்டு பட்டறைகள் அதற்குள் காலியாகியிருந்தன. எந்திரம் போனால் உனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத ஆளாகிவிட்டால் மச்சான்மார் கொண்டுவந்து வைக்கும் கிண்ணத்துக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு அந்தக் கட்டை உன் கழுத்தில் ஏறியிருக்கலாம் என்று என்னிடம் மட்டும் சொன்னாய்.

நான் என் வழக்கப்படி பயந்து பயந்து திட்டம் போட்டேன். எந்திரத்தைத் தொடக்கூடாது, நல்ல எந்திரம், நாளைக்கு விற்க நேரலாம், உன் கால் பற்றி ஏதாவது வழி பிறக்கலாம். ஆகவே உயரமான ஒரு முக்காலி. அதில் உன்னை ஏற்றி, இடுப்பில் ஒரு வார் கட்டிவிட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நீ நிற்பது போலவே தெரியும். அதிகாரி வந்தால் முழு மனிதனைக் காட்டிவிடலாம். இந்தக் கடைசி வரியை நான் சொன்னபோது உன் முகம் போன போக்கை இன்றும் என்னால் நேராக நினைத்துப்பார்க்க முடியவில்லை. ஆனாலும் ஏறினாய். முதல் மிதியிலேயே முக்காலி பின்னால் சாய்ந்தது. வாரோடும் முக்காலியோடும் சேர்ந்து தரையில் கிடந்தாய். உன் மனைவி ஓடிவந்து என்னைத் திட்டினாள். "சிக்கு, மிச்சம் இருக்கற காலையும் ஒடைக்கத்தான் பாடம் படிச்சியா?"

நீ எழவில்லை. கூரையைப் பார்த்தபடி சொன்னாய். "நான் எதுக்கு அதுகிட்ட ஏறிப் போகணும்? அது எறங்கி என்கிட்ட வரட்டும். போத்தோங்."

வெட்டு என்றால் வெட்டிவிடுவதா? நான் வாதாடினேன். வெட்டினால் திரும்பாது என்றேன். இரும்புச் சக்கரம் சட்டத்துக்கு அடியில் இருக்கிறதே, சட்டம் இறங்கினால் சக்கரம் தரையில் இடிக்குமே என்றேன். குழி தோண்டலாமா? மழை பெய்தால் காஜா பெராங்கில் தோண்டிய குழி எல்லாம் கிணறு. வேறு எங்கே வைப்பது? காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். நீ ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாய். கடைசியில் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, உன் இடது தொடை முடிகிற இடத்துக்குக் கீழே வெறும் காற்றைத் தட்டிக் காட்டினாய்.

"இங்க ஒரு எடம் காலியா கெடக்குது, சிக்கு. வாடகைக்கு ஆளும் வரல."

நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. உனக்குக் கோபம் வந்தது. "கண்ணைத் தொடைச்சிட்டு அளவெடு!" என்று கத்தினாய். அளந்தேன். எந்திரத்தின் தலைப்பக்கம் உனக்கு இடதுகைப் பக்கமாகத்தான் இருந்தது. சக்கரத்தைச் சட்டத்தின் அடியிலிருந்து முன்னால் இழுத்து, உன் இடது கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினால் வார் சற்றுச் சாய்ந்து மேலே போகும், ஆனால் போகும். சட்டம் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம்.

கால்களை நீதான் அறுத்தாய். தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக. அறுந்து விழுந்த நான்கு துண்டுகளையும் நான் எடுத்து, எது எந்த மூலை என்று கரியால் குறித்து ஒரு சாக்கில் கட்டிக் கொட்டகை மூலையில் வைத்தேன். "அடுப்புல போடு," என்றாய். என்றாவது வேண்டியிருக்கும் என்றேன். "கட்டிக்கிட்டு படுத்துக்கோ," என்றாய்.

உட்கார்ந்த பிறகுதான் உட்காருவது எவ்வளவு சிக்கல் என்று தெரிந்தது. நின்று கடைபவன் உளியைக் கையால் நகர்த்துவதில்லை, உடம்பால் நகர்த்துகிறான்; இடுப்பு சாய்ந்தால் உளி தானே போகும். உட்கார்ந்தவனுக்கு இடுப்பு பூட்டப்பட்டுவிடுகிறது. உளியின் நீண்ட பிடி ஒவ்வொரு முறையும் உன் வயிற்றிலும் தொடையிலும் குத்தியது. சட்டத்தை முழங்கை உயரத்தில் வைக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அது தவறு. பிடி தொடைக்கு மேலே தாராளமாகப் போகவேண்டும் என்றால் சட்டம் இன்னும் நான்கு விரல் உயரே இருக்க வேண்டும். வெட்டியதை ஒட்ட முடியாதே என்று நான் தலையில் கைவைத்தபோது நீ உன் ஆசனத்தை நான்கு விரல் தாழ்த்திக்கொண்டாய். உளிப் பிடிகளைப் பாதியாக வெட்டினாய். ஆசனத்தை அகலமாக, நீளமாகச் செய்து தேங்காய் எண்ணெய் தேய்த்து வழவழப்பாக்கினோம். உளி வலப்பக்கம் போக வேண்டுமானால் நீயே வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போவாய். வழுக்கி விழாமலிருக்க இரண்டு பக்கமும் நான் ஒரு கைப்பிடிச் சட்டம் அடித்தேன். "இது எதுக்கு? நான் என்ன தொட்டில் புள்ளையா?" என்றாய். இருந்துவிட்டுப் போகட்டும் என்று கெஞ்சினேன். மிதிபலகையை வலது பக்கம் மட்டும், தையல் எந்திரத்தில் இருப்பதைப் போல, குதிகால் ஊன்றி முன்பாதத்தால் தள்ளும்படி மாற்றினோம். சக்கரத்துக்கும் உன் தொடைக்கும் நடுவே ஒரு தடுப்புப் பலகை.

முதலில் கடைந்தது ஒரு பலாக் கட்டையை. அரிசி இல்லாத ஊரில் எல்லோரும் மரவள்ளிக்கிழங்கைச் சீவி மாவாக்கிக்கொண்டிருந்த காலம். ஆணியால் துளையிட்ட தகரத்தைச் சுற்றிக் கைப்பிடி வைத்துச் சுழற்ற ஓர் உருளை வேண்டும். அந்த உருளையைத்தான் கடைந்தாய். நடுவில் பருத்து, ஓரத்தில் இளைத்து, அசிங்கமாக வந்தது. உன் மனைவி அதைத் தூக்கிப் பார்த்து, "புள்ளத்தாச்சி மாதிரி இருக்கு," என்றாள். நீ அதை எடுத்து மறுபடி மாட்டினாய். சாயங்காலத்துக்குள் அது உருளையாகிவிட்டது.

அவர்கள் வந்தது அடுத்த வாரம், வெயில் ஏறுகிற நேரத்தில். ஓர் அதிகாரி, ஒரு சிப்பாய், அதட்டுவதற்கு வேண்டிய அளவு மட்டும் மலாய் கற்றிருந்த ஒரு மொழிபெயர்ப்பாளன். சந்தில் நின்றவர்கள் எல்லோரும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்கள். எல்லோரிலும் தாழ்வாக வளைந்தவன் நான். நிமிர்ந்தபோது கொட்டகைக்குள் சக்கரச் சத்தம் நிற்காமல் கேட்டது.

அவர்களுக்குப் பின்னால் நானும் உள்ளே போய் மூலையில் நின்றேன். நீ தலையை மட்டும் தாழ்த்தினாய். கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

"பாங்குன்! துவான் வந்திருக்கார், எழுந்திரு!" என்று மொழிபெயர்ப்பாளன் கத்தினான். துவான் என்றால் துரை.

"எழுந்தா மெஷின் நின்னுடும்," என்றாய். "நின்னா, சும்மா கெடக்குதுன்னு எடுத்துட்டுப் போவீங்க. ஓடுதான்னு பாக்கத்தானே வந்தீங்க? பாருங்க."

அவன் இதில் எவ்வளவை மொழிபெயர்த்தான் என்று தெரியாது. அதிகாரி இரண்டடி முன்னால் வந்து உன் கன்னத்தில் அறைந்தார். அந்தக் காலத்தில் அந்த அறையை வாங்கிய எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கால் உள்ளவர்களே சுருண்டு விழுவார்கள். நீ வழுக்கிப் போய்க் கைப்பிடிச் சட்டத்தில் இடித்து நின்றாய். உதட்டில் இரத்தம். பிறகு வழுக்கிக்கொண்டே பழைய இடத்துக்கு வந்தாய். என் பக்கம் திரும்பி, நல்ல சத்தமாக, "நல்ல சட்டம் அடிச்சிருக்க, சிக்கு," என்றாய். மறுபடி மிதித்தாய்.

இனி உன்னைச் சுட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அதிகாரி சுடவில்லை. சுழலும் கட்டையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு உன்னை விலகச் சொல்லி, சிப்பாயை அந்த இடத்தில் உட்கார்ந்து ஓட்டிப்பார்க்கச் சொன்னார். எந்திரம் ஓடுகிறது என்பது தெரிந்துவிட்டது. இனி அதை எடுத்துக்கொண்டு போய் வேறொருவனை வைத்து ஓட்டலாமா என்பதுதான் அவருக்குக் கேள்வி. நீ தரையில் இறங்கி அமர்ந்துகொண்டாய்.

சிப்பாய் முதலில் நின்றுகொண்டே முயன்றான். இரண்டாக மடிந்தும் உளி எட்டவில்லை. பிடி அவன் கைக்குள்ளேயே முடிந்துபோனது. பிறகு உட்காரப் போனான். வலது கால் மிதிபலகைக்குப் போயிற்று. இடது கால் தடுப்புப் பலகையில் இடித்தது. காலை வெளிப்பக்கம் விரித்தான். சக்கரத்தின் அச்சு முட்டியது. மடித்து உள்ளே இழுத்தான். ஆசனத்தின் எண்ணெய் அவனை மெல்ல வலப்பக்கம் கொண்டுபோய்க் கைப்பிடியில் சேர்த்தது. மறுபடி முயன்றான். எப்படி வைத்தாலும் அவனுக்கு ஒரு கால் அதிகமாக இருந்தது.

"அந்தக் காலைக் கழட்டி வெச்சிட்டு உக்காரச் சொல்லு," என்று தரையிலிருந்து நீ முணுமுணுத்தாய். நல்லவேளை, உங்கள் மலாயில், வாய்க்குள்.

மொழிபெயர்ப்பாளன் முட்டாள் இல்லை. எந்திரத்தின் கால்களில் புது வெட்டைக் கண்டுபிடித்துவிட்டான். அதிகாரியிடம் ஏதோ சொன்னான். பிறகு, இதைச் செய்தது யார் என்று கேட்டான். உன் மனைவியின் கண் என்மேல் விழுந்தது. அவன் என்னிடம் வந்தான். அங்கே இருந்த சாக்கின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். நான் கரியால் குறித்துக் கட்டிவைத்த சாக்கு அது.

"வெட்டுன துண்டெல்லாம் எங்கே? திரும்பப் பொருத்தினா பழையபடி நிக்குமா?"

அந்த ஒரு கணத்தில் எந்திரம் முழுவதும் என் வாயில் இருந்தது. துண்டுகள் இருக்கின்றன என்று தெரிந்தால் ஒரு மணி நேரத்தில் அது பழைய எந்திரம், லாரியில் ஏறிவிடும். உண்மையைச் சொல்வதும் கேட்ட கேள்விக்கு முழுவதுமாகப் பதில் சொல்வதும் எனக்கு இரத்தத்தில் ஊறிய பழக்கம். பயம் அதைவிட ஊறியது. இரண்டும் சேர்ந்து என் வாயைத் திறந்தன. ஆனால் வெளியே வந்தது வேறு.

"சுடா," என்றேன். முடிந்துவிட்டது என்பதற்கு மலாய்ச் சொல். எரித்துவிட்டோம் என்பதற்கு உரிய மலாய்ச் சொல் வரவே இல்லை. தமிழ்தான் வந்தது. "சுடா… சுட்டாச்சு."

என் குரல் நடுங்கவில்லை. மொழிதான் உடைந்தது. அவன் புருவத்தைச் சுருக்கினான். "என்ன சுடா? என்னது சுடா?"

உன் மனைவி அடுப்பங்கரை வாசலிலிருந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "சுடா பாக்கார்! எரிச்சாச்சுன்னு சொல்றார், கேக்கலையா? உபிக் கெழங்கு அவிச்சோம். உங்க அரிசி வந்தா நான் எதுக்கு மெஷின் காலை எரிக்கறேன்? அந்தக் கட்டையும் கல்லு, அதுல வெந்த கெழங்கும் கல்லு!"

மொழிபெயர்ப்பாளன் சாக்கின்மேலிருந்து காலை எடுத்தான். அதிகாரியிடம் இரண்டு வார்த்தை சொன்னான். அவர் சக்கரத்தைப் பார்த்தார், தரையில் அமர்ந்திருந்த உன்னைப் பார்த்தார், சக்கரம் நிற்கிற இடத்தையும் உன் தொடை முடிகிற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. பட்டறை மேசையில் இருந்த இரும்புப் பிடிகருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். எந்திரம் கொட்டகையிலேயே இருந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சாக்கை நானே அவிழ்த்தேன். நீ சொல்லவில்லை. கரிக் குறி உள்ள துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுப்பில் வைத்தேன். மெர்பாவ் லேசில் பிடிக்காது. ஊதி ஊதி என் கண் சிவந்தது. பிடித்த பிறகு நின்று எரிந்தது. உன் மனைவி அதன்மேல் கிழங்கை ஏற்றினாள். நீ வீங்கிய உதட்டோடு முதல் துண்டைத் தின்றுவிட்டு, "நல்லாத்தானே வெந்திருக்கு? துவான்கிட்ட பொய் சொல்லிட்டாளே இவ," என்றாய். மூவரும் சிரித்தோம். அந்த வருடங்களில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஜப்பான்காரன் போனான். நீ அந்த ஆசனத்திலேயே இருந்தாய். தளவாடக் கடைச் சீன முதலாளி ஒருவர், எந்திரத்துக்குப் புதுக் கால் போட்டுத் தருகிறேன், நிற்கிற ஆள் ஒருவனையும் வேலைக்கு வைத்துக்கொள், நீ மேற்பார்வை பார் என்று நல்ல மனத்தோடு சொன்னார். "நிக்கறவன் வேணும்னா உக்காரக் கத்துக்கட்டும்," என்று சொல்லி அனுப்பினாய். கடைசி வரை ஊரில் யாராலும் அந்த எந்திரத்தை ஓட்ட முடியவில்லை. அது உனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நீ போன பிறகு உன் பிள்ளைகள் அதைப் பிரித்தார்கள். எனக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். வைத்துக்கொள்ளும் பழக்கத்தை அந்த அடுப்போடு விட்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் நான் துணிந்தவனாகிவிடவில்லை. இன்றும் கதவைப் பூட்டிவிட்டு இருமுறை இழுத்துப் பார்ப்பவன்தான். அன்று நான் சொன்னது துணிவா, பயத்தில் வாய் குழறியதா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுக்கொண்டேன். நீ அதைத் துணிவு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அன்று என் வாயில் உடைந்து வந்த அந்தச் சொல்லை என்னைக் கேலி செய்யத்தான் வைத்திருந்தாய். கடையில் பார்த்தால் சொல்வாய், கோயில் வாசலில் சொல்வாய், என் கல்யாணத்தில் தாலி ஏறியதும் கூட்டத்துக்கு நடுவில் உரக்கச் சொன்னாய். பெண் வீட்டார் திகைத்துப்போனார்கள்.

அது மட்டும் என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை மூட வேண்டாம் என்ற மனுவில் பயந்துகொண்டே முதல் கையெழுத்தைப் போட்ட அன்று சொல்லிக்கொண்டேன். சொந்தக்காரர்கள் வேண்டாமென்ற இடத்தில் என் மகள் விரும்பியவனுக்கே அவளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த அன்று சொல்லிக்கொண்டேன். நேற்று மேசைக் கால்கள் அறுந்து விழுந்ததும் சொல்லிக்கொண்டேன். யோசித்து யோசித்து, கடைசியில் திரும்ப ஒட்ட முடியாதபடி ஒன்றைச் செய்து முடித்த ஒவ்வொரு முறையும், குரல் நடுங்காமல், பாதி உன் மொழியிலும் பாதி என் மொழியிலும் அதைச் சொல்கிறேன்.

சுடா. சுட்டாச்சு.